நீலாயதாட்சி பிதுக்கிய மொச்சை

குடியாத்தத்தில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் வலப்பக்கம் பிரிகிற செல்லியம்மன் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் (முதலிரண்டு குறுக்குத் தெருக்கள் எங்கே இருக்கின்றன என்பது நகராட்சிக்கே தெரியாது) மார்கழி பிறந்தால் பச்சை மொச்சை வரும், மொச்சை வந்தால் ஊறும், ஊறினால் பிதுங்கும், பிதுங்கினால் குழம்பாகும், குழம்பானால் அன்று சாயங்காலம் தெருவிலுள்ள ஆண்கள் அத்தனை பேரும் அவரவர் மொட்டை மாடியில் ஏறி, ஒருவரை ஒருவர் பார்க்காமல், தனித்தனியே வெகுநேரம் உலாவுவார்கள். மொச்சையில் ருசி எவ்வளவோ அவ்வளவு வாயுவும் உண்டு. இரண்டையும் பிரிக்க வைத்தியர்களாலும் முடிந்ததில்லை.

வேறு ஊர்க்காரர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுவது நல்லது. மொச்சைக்காயை உரித்து, கொட்டையை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் தோல் தளர்ந்து பருத்திருக்கும். அதன் மூக்கில் நகத்தால் ஒரு கீறல் கீறி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால் உள்ளே இருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தட்டில் விழும். விழ வேண்டும். பல தலைமுறைகளாக விழுந்துகொண்டுதான் இருந்தது.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் தன் முதல் மார்கழியில், யார் கையும் படாமல், தான் ஒருத்தியே ஒரு கிலோ மொச்சையைப் பிதுக்கிக் குழம்பு வைத்து ஏழு வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஏழு வீட்டுக்காரர்களும் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது ஏதாவது சொல்வார்கள். அவர்கள் சொன்னது அந்த மருமகளுக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். எதிர்வீட்டுக் கோமளா இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு பாதித் தோலைப் பருப்போடு விட்டுவிட்டாள். இன்றைக்கும் அவளைத் தெரியாதவர்களுக்கு அடையாளம் சொல்ல அதுதான் பயன்படுகிறது.

தேசம்மாளுக்கு ஐப்பசியிலிருந்தே இந்த வழக்கத்தைப் பற்றித்தான் கவலை. அவளுடைய மருமகள் நாகப்பட்டினத்துப் பெண், அந்த ஊர் அம்மனின் பெயரான நீலாயதாட்சி என்பதையே பெயராகக் கொண்டவள், வருகைப் பதிவேட்டில் எந்த ஆசிரியரும் முழுசாக எழுதியிராத அந்தப் பெயரை வீட்டில் நீலா என்று சுருக்கியிருந்தார்கள். அவள் ஊரில் மொச்சையைத் தோலோடு கருவாட்டுக் குழம்பில் போடுவார்களே தவிர, பிதுக்குவது என்றால் என்னவென்று கேள்விப்பட்டதில்லை.

ஆனால் நீலா பேசுவாள். தேசம்மாளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அவள் புருஷன் முனிரத்தினத்தோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் விளங்கும். "முன்னாடி போ", "சில்லறை குடு", "எறங்கு" ஆகிய மூன்றைத் தாண்டி அவர் வாயிலிருந்து வாக்கியம் வருவது அபூர்வம். மகன் தயாளன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், நாலு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு வாரக் கடைசியில் வந்து போகிறான், வந்தால் "ம்" என்பான். இந்த வீட்டுக்குள் நீலா வந்து, காலையில் தினசரியைத் திருமண விளம்பரம் முதல் வானிலை வரை உரக்கப் படித்து, தொலைக்காட்சித் தொடரில் அடுத்து என்ன நடக்கும் என்று அடித்துச் சொல்லி, அது தினமும் தப்பாகிப்போவதைப் பற்றி ஒருமணி நேரம் வாதாடி, "அத்தை, உங்க ஊரு வெயிலுக்கு உப்பே இல்ல" என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மாதத்தில் தேசம்மாளுக்குக் காது இரண்டும் புதிதாய் முளைத்தது போல இருந்தது.

மார்கழி ஒன்பதாம் தேதி, நீலா கடைக்குப் போயிருந்தபோது, பதிவுத் தபால் வந்தது. தேசம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள், பிரித்துப் படிக்கவும் படித்தாள். நீலாயதாட்சி என்ற பெயரை அரசாங்கம் முழுசாக அச்சடித்திருந்தது. ஓசூரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. தை மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், தவறினால் நியமனம் ரத்து.

நீலா இந்த வேலைக்கான தேர்வை மூன்று தடவை எழுதியவள் என்பது தேசம்மாளுக்குத் தெரியும். வேலை வந்ததும் ஓசூரில் புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு பார்த்துப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும். ஆகவே அவள் செய்தது தெரியாமல் செய்த காரியம் அல்ல. கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குள் வைத்தாள். ஒரே ஒரு நாள், இந்த ஏழு வீட்டுக் குழம்பு முடியட்டும், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"தபால் ஏதாவது வந்துச்சா அத்தை?" என்று நீலா வந்ததும் கேட்டாள்.

"இல்லியே கண்ணு" என்றாள் தேசம்மாள். மறுநாள் காலை மொச்சையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

நீலா ஒரு கொட்டையை எடுத்து, சொல்லிக்கொடுத்தபடி மூக்கில் கீறி, அழுத்தினாள். பருப்பு வெளியே வந்தது, மேலே போனது, தேசம்மாளின் மூக்குக் கண்ணாடிக்கு நேராக வந்து நின்றது. இரண்டாவதும் அதன் பக்கத்தில் போய் நின்றது. பதினைந்து இருபது ஆனபோது, ஈரம் மினுங்க, பச்சையும் வெள்ளையுமாக, சமையலறைக்கு நடுவே ஒரு சின்ன மந்தை போல அவை நின்றுகொண்டிருந்தன.

"கொஞ்ச நேரம் இப்புடி நின்னுட்டுத்தான் எறங்குமா அத்தை?" என்று கேட்டாள் நீலா. இந்தப் பக்கத்து வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்.

தேசம்மாள் எழுந்து சமையலறைச் சன்னலைச் சாத்தினாள். மருமகள் பிதுக்கிய பருப்பு தட்டில் விழவில்லை என்று தெருவுக்குத் தெரிந்தால் அது எத்தனை தலைமுறைக்கு ஓடும் என்ற கணக்குத்தான் முதலில் மனதில் வந்தது. "நிக்கும்" என்றாள். "நீ பிதுக்கு."

அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். பருப்புகள் வழியை மறித்து நிற்பதைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத" என்று கையால் விலக்கிக்கொண்டு, குடித்துவிட்டு, அதே போல விலக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

சாத்தி வைத்த அறையில் அவை நின்ற இடத்தில் நின்றன. மின்விசிறியைப் போட்டால் சுற்றி வந்தன, காற்று பட்டவை மேலே ஏறி உத்தரத்தில் உட்கார்ந்தன. முறத்தை மேலிருந்து கவிழ்த்து அமுக்கினால் அடங்கி வந்து, கையை எடுத்ததும் எழும்பின. கடைசியில் உப்புத் தண்ணீரில் முக்கினால் சாந்தமாகிவிடுகின்றன என்று நீலாவே கண்டுபிடித்தாள். இருவரும் ஒவ்வொன்றாகப் பறித்துப் பறித்து உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டார்கள். தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டு, குழம்பு ஏழு வீட்டுக்கும் போயிற்று.

சாயங்காலம் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த கோமளா, நிலைப்படியில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னா அக்கா, உத்தரத்துல மூணு பருப்பு குந்திக்கினு கீது?" என்றாள்.

"மருமவ பிதுக்குனது. அது எறங்காது" என்றாள் தேசம்மாள், இனி மறைத்துப் பயனில்லை என்று.

கோமளா யோசித்தாள். இருபத்திரண்டு வருடமாகச் சுமந்த பேரை இறக்கி வைக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காதுதான். ஆனால் அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எறங்காட்டி போவட்டும். எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு மாடிக்கே போவல அக்கா. சாப்ட்டாரு, படுத்தாரு, தூங்கறாரு. வயிறு இருக்கறதே தெரிலன்றாரு" என்றாள்.

உண்மைதான். அன்று மொட்டை மாடிகள் காலியாக இருந்தன. பருப்பிலிருந்த காற்றையெல்லாம் பருப்பே மேலே போவதற்குச் செலவழித்துவிட்டது என்பது தெருவின் முடிவு. இதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளாது என்று சொல்வதற்கு விஞ்ஞானமே தெருக்கோடியில் குடியிருந்தது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் அருணகிரி அடிக்கோலோடு வந்து, தரையிலிருந்து பருப்பு நிற்கும் உயரம் நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று அளந்து, "இது நடக்காத காரியம்மா" என்று நீலாவிடம் கனிவாக எடுத்துச் சொன்னார். பிறகு ஒரு கிண்ணம் குழம்பு சாப்பிட்டார். மறுநாள் காலையில் ஒரு கிலோ மொச்சையை ஊறவைத்த தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்து, "நடக்காததுதான். இருந்தாலும் இதையும் பிதுக்கிடும்மா" என்றார்.

அன்றிலிருந்து தெரு அந்த அதிசயத்தைத் தண்ணீர்க் குழாயைப் போல ஏற்றுக்கொண்டது. அதாவது, வரிசை நின்றது, வரிசையில் சண்டை போட்டது, வராவிட்டால் குறை சொன்னது. முனிரத்தினம் பரணிலிருந்து தன் பழைய டிக்கெட் கட்டுகளை எடுத்துத் தூசி தட்டி, கிலோவுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்து, "வரிசையா போ, கும்பல் போடாத" என்று பணியில் மறுபடி சேர்ந்தவர் போலத் தெளிவடைந்தார். செல்லியம்மன் கோயில் பூசாரி, பறித்ததும் முதல் பிடி அம்மனுக்கு என்று சொல்லிவிட்டார், தரை தொடாத பருப்பு தீட்டில்லாத மடி என்று. மின்கம்பியில் பருப்பு போய் உட்கார்கிறது என்று லைன்மேன் வந்து கத்தினார், ஒரு தூக்குக் குழம்போடு திரும்பிப் போனார். பெண்கள் கொசுவலையைப் பாதியாகக் கிழித்துக் கழியில் கட்டிப் பருப்பு பிடிக்கும் வலை செய்தார்கள். மார்கழி இருபதுக்குள், எந்த வீட்டு மருமகளும் இப்படித்தான் பிதுக்கியாக வேண்டும் என்பது போலவும் மற்றவர்கள்தான் ஏதோ சோம்பேறித்தனத்தால் பருப்பைக் கீழே விட்டுக்கொண்டிருந்தார்கள் போலவும் பேச்சு வந்துவிட்டது.

நீலா பிதுக்கினாள். காலையில் பிதுக்கினாள், தொடர் பார்த்துக்கொண்டே பிதுக்கினாள், தினசரியைத் தேசம்மாள் பிடித்துக்கொள்ள அதைப் படித்துக்கொண்டே பிதுக்கினாள். தெரு முழுக்க வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தது, அவளோடு பேசியது, சிரித்தது. தேசம்மாள் வாழ்நாளில் அந்த வீட்டில் அத்தனை பேச்சைக் கேட்டதில்லை. தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு நீலா கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து, "தபால் வந்துச்சா அத்தை?" என்று கேட்பாள், தேசம்மாள் "இல்லியே கண்ணு" என்பாள், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பாள். ஒரு தடவை நீலா அந்த அலுவலகத்துக்கே போன் செய்தாள். "ஒவ்வொண்ணா அனுப்பிக்கிட்டிருக்கோம்மா, வரும்" என்றார்கள். தேசம்மாள் அன்று அரிசி அளக்கும்போது டின்னைத் தூக்காமல் சரித்து அளந்தாள்.

பொங்கல் முடிந்தது. தை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க ஒரே பந்தியில் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. நாற்பத்திரண்டு கிலோ மொச்சை வாங்கி வீட்டுக்கு வீடு ஊறப் போட்டார்கள். பிதுக்குவது நீலா மட்டும். பருப்பு வெளியே போய்விடாமலிருக்க வரதன் என்கிற பந்தல்காரர் தன்னிடமிருந்ததில் பெரிய சாமியானாவைத் தெருவின் குறுக்கே கட்டி, மூங்கில் நட்டு, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் மணியடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். நீலா நிமிர்ந்து பார்க்கவில்லை. தேசம்மாள் கேள்விக்காகக் காத்திருந்தாள். பன்னிரண்டேகால் ஆயிற்று, ஒன்று ஆயிற்று.

"இன்னா, இன்னிக்குத் தபாலு கேக்கலியே?" என்று அவளே கேட்டாள்.

"போகட்டும் அத்தை" என்றாள் நீலா. மொச்சைத் தோலின் சாறு ஏறி அவள் நகங்கள் பத்தும் கறுத்திருந்தன, விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. "எழுதுனது மூணு தடவ. மூணுக்கு மேல கேட்டா நல்லாருக்காது. எனக்கு இதான்னு இருக்கு போல."

பிறகு வெகுநேரம் அவள் பேசவில்லை. அந்த வீட்டில் இத்தனை வருடமாக இருந்த அமைதி தேசம்மாளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் இது வேறு அமைதி, இதை உண்டாக்கியவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாமியானாவின் கீழே பாய் விரித்து, சுற்றிலும் அண்டாக்களில் மொச்சை ஊறிப் பருத்து நிற்க, நீலா நடுவில் உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தாள். தயாளன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக் கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்குப் பத்துக் கிலோ பருப்பு துணிக்குக் கீழே பச்சை மேகமாகத் திரண்டிருந்தது. தேசம்மாள் வீட்டுக்குள் போனாள். அரிசி டின்னைச் சரித்தாள். வெளியே வந்து, பாய்க்கு முன்னால் நின்று, கடிதத்தை மருமகளின் ஈரக் கையில் கொடுத்தாள்.

நீலா படித்தாள். தயாளனும் எட்டிப் படித்தான். அவனால் "ம்" கூடச் சொல்ல முடியவில்லை.

"எப்ப வந்துச்சு?" என்றாள் நீலா.

"மார்கழி ஒம்போது."

"நாளைக்குக் கடைசி நாளு."

"தெரியும். அதான் இன்னிக்கு..." என்று ஆரம்பித்த தேசம்மாள், அது ஒரு நியாயமே இல்லை என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டாள். "ஒரு நாளு வெச்சிக்கலாம்னுதான் வெச்சேன். அப்பறம் எடுக்கத் தெரில."

முதலில் வாய் திறந்தது கோமளாதான். "அது சரி அக்கா, இவ்ளோ மொச்சையும் ஊறிப் போச்சே, இன்னிக்கு வுட்டா புளிச்சிப் பூடுமே."

நீலா கடிதத்தைத் தயாளனிடம் கொடுத்துவிட்டு, ஒரு கொட்டையை எடுத்து அழுத்தினாள். இதுவரை அவள் பருப்புகள் மெல்ல எழுந்து கண் உயரத்தில் நிற்பவை. இது விர்ரென்று போய்ச் சாமியானாத் துணியில் டப்பென்று அடித்தது. அடுத்ததும் அடித்தது. அவள் தலை நிமிராமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிதுக்க, கீழிருந்து மேலே பெய்கிற ஆலங்கட்டி மழை போலச் சத்தம் எழுந்தது. ஓர் அண்டா காலியாயிற்று, இரண்டாவது காலியாயிற்று. யாருக்கும் நிறுத்தச் சொல்லத் துணிவில்லை. மூன்றாவது அண்டா பாதியாகும்போது சாமியானா உப்பி, மூங்கில்கள் ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர, மொத்தப் பந்தலும் முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று கிளம்பியது.

"ஐயோ, அது நாப்பதடி சைஸு" என்று வரதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எல்லோரும் சிதறினார்கள். தேசம்மாள் மட்டும், வரதன் மேலிருந்த இரக்கமோ வேறு எதுவோ, கிழக்கு மூலைக் கயிற்றை எட்டிப் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். சாமியானா அவளையும் சேர்த்துத் தூக்கியது. ஒரு சாண், இரண்டு சாண். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. "எறங்கு, எறங்கு" என்றார் முனிரத்தினம். அவர் குரல் நடுங்கி அந்தத் தெரு கேட்டதே இல்லை.

நீலா ஓடி வந்து மாமியாரின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள்.

"கயித்த விடுங்க அத்தை."

"நீ எம்மேல கோவமா கீற."

"ஆமா. விடுங்க."

"நாப்பதடி துணிம்மா. பாவம் அந்தாளு."

"நான் மொதச் சம்பளத்துல வாங்கித் தரேன். விடுங்கத்தை, கை அந்துரும்."

தேசம்மாள் கீழே பார்த்தாள். கறுத்த நகங்களோடு பத்து விரல்களும் அவள் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டிருந்தன. மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுழற்றிக் கயிற்றை விட்டாள். இருவரும் பாயின் மேல் பொத்தென்று விழுந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அந்தச் சாமியானா முருங்கை மரத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அவசரமில்லாமல் மேற்கே போயிற்று. அருணகிரி சார் நெற்றியில் கை வைத்து அது மறையும் வரை பார்த்துவிட்டு, "நடக்காது" என்றார்.

"ஓசூர் வண்டி பத்தே முக்காலு" என்றார் முனிரத்தினம். "ஏறு, ஏறு. தயாளா, பொட்டிய எட்றா."

தெரு அன்று மிச்ச மொச்சையைத் தன் கையாலேயே பிதுக்கியது. பருப்பு தட்டில் விழுந்தது. கோமளா ஒரு தோல்கூட விடாமல் பிதுக்கினாள், அதை யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு தடவை தலை நிமிர்த்தியும் பார்த்தாள். சாயங்காலம் ஆண்கள் மொட்டை மாடிக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை நீலா வேலையில் சேர்ந்த செய்தி தயாளன் மூலமாக வந்தது, "ம், சேந்துட்டா" என்று. வியாழக்கிழமைதான் நீலாவே போனில் பேசினாள்.

"சாப்ட்டியா கண்ணு?" என்றாள் தேசம்மாள்.

"சாப்ட்டேன். கோவமாத்தான் இருக்கேன்."

"இரு. ஒடனே போவணும்னு இல்ல."

"ஆபீஸ்ல என் பேர முழுசா எழுதுறாங்க அத்தை. நேத்து ஒருத்தரு எழுதும்போதே பேனா தீந்துருச்சு." அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை, அலுவலகத்தில் யார் யார், எந்த நாற்காலிக்கு எந்தக் கால் ஆடும், ஓசூர்க் குளிர் எப்படி, மேலதிகாரி யாரைப் பார்த்தால் எழுந்து நிற்பார் என்று முக்கால் மணி நேரம் பேசினாள். தேசம்மாள் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றி மாற்றிக் கேட்டாள்.

கடைசியில் நீலா, "சனிக்கிழம வர்றேன்" என்றாள்.

"கோவத்தோடயா?"

"அது கொஞ்சம் இருக்கும்."

"சரி, அதையும் இட்டுக்கினு வா." தேசம்மாள் சற்றுத் தயங்கினாள். "மொச்ச ஊறப் போடட்டுமா?"

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அரைக் கிலோ போடுங்க" என்றாள் நீலா. "அதுக்கு மேல வேணாம். நமக்கு மட்டும். தெருவுல யாருக்கும் சொல்லாதீங்க."

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் தேசம்மாள் அரைக் கிலோவை நிறுத்து ஊறப் போட்டாள். பிறகு ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, மேலே இருந்த காற்றுத் துவாரம் முதல் கொல்லைப் பக்கத்துச் சன்னல் வரை, வீட்டிலுள்ள திறப்புகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தாள்.